உட்கரு இல்லாத பாதி

ஒரு தவளை முட்டை இரண்டாகப் பிளப்பதை நீங்கள் இன்னும் உங்கள் கண்ணால் பார்க்கவில்லை என்றால், இந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டு முதலில் போய் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். அவசரமில்லை. நான் ஓய்வு பெற்றவன், எங்கேயும் போகமாட்டேன்.

பார்த்தீர்களா? கடுகு அளவு உருண்டை. மேல் பாதி கரும்பழுப்பு, கீழ்ப் பாதி பால் நிறம். சும்மா உட்கார்ந்திருக்கும். திடீரென்று உச்சியில் ஒரு சுருக்கம் விழும். கண்ணுக்குத் தெரியாத நூலைப் போட்டு யாரோ இறுக்குகிற மாதிரி ஒரு கோடு கீழே இறங்கும். ஒன்று இரண்டாகும். இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில், காலையில் ஆள் கூட்டும் பெரட்டுக்கு மணி அடித்ததும் தொழிலாளர் லயத்துக் கதவுகள் எல்லாம் ஒன்றாகத் திறக்கிற மாதிரி!

நான் முதல் தடவை அதைப் பார்த்தபோது "முருகா!" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசையில், ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா கையிலிருந்த கண்ணாடிக் குழாய் கீழே விழுந்து உடைந்தது.

"என்னண்ணே, பாம்பா?"

"பாம்பு இல்லம்மா. பிளக்குதும்மா!"

"அது பிளக்கத்தான் செய்யும்லா! அதுக்கா இப்படிக் கத்துவீங்க?"

திட்டினார்கள். ஆனால் திட்டிக்கொண்டே வந்து என்னை நகரச் சொல்லிவிட்டு அவர்களும் குனிந்து பார்த்தார்கள். எத்தனை நூறு முட்டை பார்த்தவர்கள்! இருந்தாலும் எட்டு பதினாறாகும் வரைக்கும் அந்த நாற்காலியை எனக்குத் திருப்பித் தரவில்லை.

தவளை ஆய்வகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தரச் சொல்லி உங்கள் மேலாளர் கேட்டார். தொட்டி கழுவவும் தவளைக்கு ஊசி போடவும் சொல்லித்தர உங்களிடம் ஆள் இருக்கிறது. நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். நான் செய்த ஒரு தப்பு.

எழுபதுகளில் நான் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் வேலை பார்த்தேன். அரைத்த கொழுந்தைப் பரப்பி, பச்சை போய்ச் செம்பு நிறம் வரும் வரைக்கும் காத்திருக்கும் அறை என்னுடையது. அந்த அறையின் சூட்டையும் ஈரத்தையும் அரை மணிக்கு ஒரு தரம் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். இதில் ஒரு வழக்கம் உண்டு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பு அங்கேதான் முளைத்தது. அரை மணிக்கு ஒரு தரம் யாரும் பார்ப்பதில்லை. ஷிப்டு ஆரம்பத்தில் ஒரு தடவை பார்ப்போம், பார்த்ததை வைத்து மீதிக் கட்டங்களையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவோம். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்தார், எனக்கும் அப்படித்தான் காட்டிக் கொடுத்தார். எங்கள் மலைக் குளிர் நாள் முழுக்க ஒரே மாதிரிதானே. எழுதினதுக்கும் இருந்ததுக்கும் வித்தியாசமே வராது. தேயிலை நன்றாகத்தான் வந்தது. மூக்கும் கையும்தான் எங்களுக்கு அளவு, ரிஜிஸ்டர் துரை பார்ப்பதற்கு. இதை ஏமாற்று என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், பிரிஞ்சாங்குக்கு மேலே, கியா பார்ம் போகிற பாதையில், தோட்டத்தின் பழைய பங்களா ஒன்றைக் கீழே இருந்து வந்த ஒரு பல்கலைக்கழகம் வாடகைக்கு எடுத்தது. காரணம் குளிர். அவர்களிடம் இருந்தது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தண்ணீர்த் தவளை. அதற்கு நாக்கு கிடையாது, பின்னங்காலில் நகம் உண்டு, வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். பட்டணத்துச் சூட்டில் அது சோர்ந்துபோகும். எங்கள் மலையில் ராஜா மாதிரி இருந்தது.

அதை நடத்த வந்தவர்தான் டாக்டரம்மா. என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஈப்போக்காரர், கண்ணாடி போட்டவர், நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். பேர் போட வேண்டாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பெக்டரிக்கு வந்து, "ஒரே பொருளை அலுக்காம ரொம்ப நேரம் பாக்கக்கூடிய ஆள் வேணும்" என்று கேட்டார்கள். எங்கள் டீமேக்கர் என்னைக் காட்டினார்.

"இவனைக் கூட்டிக்கிட்டுப் போங்க டாக்டர். மழைக்கு ஒதுங்கினாக்கூட எந்தச் சொட்டு முதல்ல விழும்னு பாத்துக்கிட்டு நிப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் போனேன்.

வீட்டில் சரசு, என் மனைவி, முகத்தைச் சுளித்தாள். "கொழுந்து வாசனையோட வருவீங்க. இனிமே தவளை வாசனையா? குளிக்காம சாமி அறைப் பக்கம் வரக்கூடாது, சொல்லிட்டேன்." அன்றிலிருந்து வேலை விட்டதும் வாசலிலேயே எனக்கு வெந்நீர் வாளி காத்திருக்கும்.

இப்போது அந்த வேலை என்ன என்று சொல்கிறேன். செல்லுக்குள்ளே உட்கரு என்று ஒன்று இருக்கிறது. பிளக்க வேண்டிய நேரத்தை அதுதான் சொல்கிறது என்று நான் நினைத்திருந்தேன். டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரிக் கேட்டார்கள்.

"உட்கருதான் கங்காணின்னு வெச்சுக்குவோம்ணே. கங்காணி இல்லாத வயல்ல வேலை நடக்குமா?"

"எங்க தோட்டத்துலயா? கங்காணி அந்தப் பக்கம் போனா நாங்க இந்தப் பக்கம் தேத்தண்ணி குடிக்கப் போயிடுவோம்."

"அதையேதான் முட்டைகிட்ட கேக்கப் போறோம்."

எப்படிக் கேட்பது? முட்டை முதல் தடவை பிளப்பதற்கு முன்னால், மெல்லிய முடியால் ஒரு சுருக்குப் போட்டு அதை நடுவில் இறுக்க வேண்டும். உட்கரு ஒரு பக்கம் மாட்டிக்கொள்ளும், இன்னொரு பக்கம் வெறும் குழம்பு. உட்கரு இருக்கிற பாதி, இரண்டு, நாலு, எட்டு என்று பிளந்துகொண்டே போகும். இல்லாத பாதி பிளக்காது. ஆனால் வெளிநாட்டில் சிலர் ஒரு அதிசயத்தைப் பார்த்திருந்தார்கள். பிளக்காத அந்தப் பாதியும் சும்மா கிடப்பதில்லையாம். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை விறைத்து எழுகிறதாம், பிறகு தளர்ந்து படுக்கிறதாம், மறுபடி எழுகிறதாம். உள்ளே கங்காணியே இல்லை, ஆனாலும் யாரோ மணி அடிக்கிறார்கள்! அந்த மணி பக்கத்துப் பாதியின் மணியோடு சரியாகச் சேர்ந்து அடிக்கிறதா என்று எங்கள் கையால் அளந்து பார்ப்பதுதான் வேலை.

சுருக்குப் போட எந்த முடியும் உதவாது. பெரியவர்கள் முடி தடிமன், முட்டையை அறுத்துவிடும். கைக்குழந்தை முடி வேண்டும். எங்கள் இளையவளுக்கு அப்போது எட்டு மாதம். ஆனால் அந்த முடி முருகனுக்கு நேர்ந்தது. முதல் முடியைக் கோவிலில் இறக்குகிற வரைக்கும் கத்தரி படக்கூடாது. நான் விஷயத்தைச் சொன்னதும் சரசு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். மறுநாள் கோவிலில் வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, பூசாரி மகளை ஒன்றை எடுக்கச் சொன்னாள். வெள்ளை வந்தது. பிடரியிலிருந்து பத்து முடியை அவளே நறுக்கித் தாளில் மடித்துக் கொடுத்தாள்.

"சாமி குடுத்திருக்கு. ஒழுங்கா வேலை பாருங்க" என்றாள்.

அந்தச் சொல்லைத்தான் நான் காப்பாற்றவில்லை.

முட்டையைப் பக்கவாட்டில் காட்டும் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து, மைக்ரோஸ்கோப்பில் நான் பார்ப்பேன். ரிஜிஸ்டரில் இரண்டு வரிசை. முதல் வரிசையில் உட்கரு உள்ள பாதி பிளந்த நேரம், இரண்டாம் வரிசையில் இல்லாத பாதி எழுந்த நேரம். எங்கள் குளிரில் ஏறக்குறைய முப்பத்தைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. முதல் வாரம் கண் இமைக்காமல் பார்த்தேன். கட்டின முட்டையில் பாதிக்கு மேல் உடைந்துபோகும், தப்பிப் பிழைத்ததும் இரண்டு மூன்று தடவை எழுந்ததோடு சுருண்டுவிடும். அந்த முதல் ஒன்றிரண்டு எழுச்சியும் பக்கத்துப் பாதியோடு கிட்டத்தட்டச் சேர்ந்துதான் வந்தது.

இரண்டாம் வாரம் டாக்டரம்மாவின் கை படிந்துவிட்டது. ஒரே நாளில் ஏழு முட்டை, ஏழும் உயிரோடு! அந்த வாரம் முதல் மூன்று நாட்களும், முட்டையைக் கட்டிவைத்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குப் போன் பேசவும் மருந்து வாங்கவும் அவர்கள் தானா ராத்தா டவுனுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் தனி ஆள். ஏழு தட்டு. பிளப்பது பளிச்சென்று தெரியும், ஒரு பார்வை போதும். எழுவது அப்படியில்லை, உச்சத்தைப் பிடிக்க ஒவ்வொரு தட்டிலும் காத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? முதல் எழுச்சியைப் பார்த்தேன். பக்கத்துப் பாதியோடு சேர்ந்துதான் வந்தது. அடுத்ததும் அப்படித்தானே வரும் என்று, முதல் வரிசையில் எழுதின நேரத்தையே இரண்டாம் வரிசையிலும் எழுதினேன். ஏழு தட்டுக்கும். மூன்று நாளும். பெக்டரிக் கை. எழுதும்போது மனசு ஒரு தடவைகூட உறுத்தவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

நாலாம் நாள், வியாழக்கிழமை, டாக்டரம்மா ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து வரைபடம் போட்டார்கள். சிவப்புக் கோடு ஒன்று, நீலக் கோடு ஒன்று. சிறிது நேரத்தில் நாற்காலி சரிகிற சத்தம் கேட்டது.

"அண்ணே! ஓடியாங்க! ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு விழுதுண்ணே! மயிரிழைகூட விலகல! கங்காணியே வேண்டாம்ணே, குழம்புக்குள்ளயே கடிகாரம் இருக்கு!"

அவர்கள் கண்ணில் தண்ணீர். ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த பங்களாவை மூடிவிடலாமா என்று பல்கலைக்கழகத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மலை மேலே ஒரு பெண்பிள்ளை தவளை வளர்க்கிறாள், இதுவரைக்கும் என்ன கண்டாள் என்று கேட்டார்களாம். முடிவு சொல்ல வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் மறுநாள் காலை வருகிறார். மதியம் இரண்டு மணிக்குக் கார் அவரைத் திரும்பக் கீழே கொண்டுபோகும். அவர் சரி என்றால் டாக்டரம்மா வேலை நடக்கும். இல்லை என்றால் தவளைத் தொட்டி காலி, அவர்கள் ஏதாவது பள்ளிக்கூடத்துக்குப் பாடம் சொல்லப் போக வேண்டியதுதான்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. பெக்டரி ரிஜிஸ்டரை யாரும் வரைந்து பார்த்ததில்லை. ஒரே நேரத்தை இரண்டு தடவை எழுதினால் ஒன்று மேல் ஒன்று விழாமல் வேறு எப்படி விழும்?

சொல்லியிருக்க வேண்டும். அப்போதே. அவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. எப்படியும் உண்மை அதுவாகத்தான் இருக்கும், பார்த்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் தோட்டத்து முருகன் கோவிலில் நின்றேன். கண்டுபிடிக்காமல் காப்பாற்று என்று கேட்கத்தான் போனேன். சாமி முன்னால் நின்றதும் அந்த வேண்டுதல் வாயில் வரவில்லை. அதைப் போய்க் கேட்க முடியுமா? வேறு என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. திருநீறு பூசிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்குப் பேராசிரியர் வந்தார். நரைத்த புருவம், பெரிய கை. வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். டாக்டரம்மா என்னைக் காட்டினார்கள். அவர் நேரே என்னிடம் வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கி, பேசிக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவு சுத்தமா யாரும் அளந்து அவர் பாத்ததே இல்லையாம்ணே. உங்க கண்ணு தங்கமாம். ராத்திரி தூங்கினீங்களான்னு கேக்குறாரு" என்று டாக்டரம்மா சிரித்தார்கள்.

என் கை இன்னும் அவர் கைக்குள் இருந்தது. நான் டாக்டரம்மாவைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்.

"அம்மா, ரெண்டாவது வரிசையை நான் பாக்கலம்மா."

"என்னது?"

"ஒரு தடவைதான் பாத்தேன். மிச்சமெல்லாம் முதல் வரிசையைப் பாத்து எழுதினது. மூணு நாளும்."

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, உள்ளே ஒன்றும் இல்லாமல். பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது. அவர் இன்னும் புன்னகையோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

தம்பிமார்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த அறையில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். டாக்டரம்மா நினைத்திருந்தால், "வெக்கப்படுறாரு" என்று ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம். மதியம் கார் இறங்கிப் போயிருக்கும், பங்களா பிழைத்திருக்கும். அவர்கள் வேலை, அவர்கள் வருங்காலம், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. அவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். மறுபடி போட்டுக்கொண்டார்கள். பிறகு நான் சொன்னதை ஒன்று விடாமல் அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்கள். நானும் ஓரளவு விளங்கிக்கொண்டேன். ஒரு சொல்லைக்கூட மென்மையாக்கவில்லை, என்னைத் திட்டி ஒரு சொல் சேர்க்கவும் இல்லை.

பேராசிரியர் என் கையை விட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கேட்டது ஒரே கேள்வி.

"முட்டை இருக்கான்னு கேக்குறாரு" என்றார்கள் டாக்டரம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

இருந்தது! எப்போதும் முந்தின நாள் சாயங்காலம் ஒரு தவளைக்கு முட்டையிட வைக்கும் ஊசி போட்டால், துணைக்கு இன்னொன்றுக்கும் போட்டுவைப்போம். இரண்டாவது தொட்டிக்கு ஓடினேன். அந்தத் தாய்த்தவளை தயாராகத்தான் இருந்தது. ஒன்பதரைக்குள் முட்டையைக் கருவுறவைத்தாகிவிட்டது. பத்தரைக்கு டாக்டரம்மா முடியை எடுத்தார்கள். முதல் முட்டை உடைந்தது. இரண்டாவது உடைந்தது. மூன்றாவது சுருக்கிலிருந்து நழுவி உருண்டது. "ஐயோ ஆண்டவனே" என்று டாக்டரம்மா வாயில் முதல் தடவையாகக் கேட்டேன். நாலாவது நின்றது. நடுவில் இடுப்பு மாதிரி இறுகி, இரண்டு பாதியும் முழுசாக! அதற்குப் பிறகு கட்ட நேரமில்லை. இருப்பது அந்த ஒன்றுதான்.

டாக்டரம்மா எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்கள்.

"உக்காருங்க."

"நானாம்மா? வேணாம்மா. நீங்களே பாருங்க."

"எனக்கு ரெண்டும் ஒண்ணா வரணும்னு ஆசையா இருக்கு. அவருக்கும் அப்படித்தான். நாங்க பாக்கக் கூடாது. நீங்க பாத்துச் சொல்லுங்க, நாங்க எழுதுறோம்."

உட்கார்ந்தேன். பதினொரு மணி சுமாருக்கு முதல் பாதி பிளந்தது. "பிளந்துருச்சு!" என்றேன். மற்றப் பாதி, வெறும் குழம்பு, மெல்ல மெல்லக் கூம்பி எழுந்தது. என்னத்தைச் சொல்ல! மூச்சு இழுக்கிற மாதிரி எழுந்தது. "எழுந்துருச்சு!" இரண்டுக்கும் நடுவில் அதிக இடைவெளி இல்லை. பின்னால் பேராசிரியர் "ம்" என்றார்.

இரண்டாவது தடவை. முதல் பாதி பிளந்தது. மற்றது இன்னும் படுத்தே கிடந்தது.

"அண்ணே?"

"இன்னும் இல்லம்மா."

நாலைந்து நிமிஷம் கழித்து எழுந்தது. மூன்றாவது தடவை. முதல் பாதி பிளந்தது. மற்றது அசையவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஐந்து நிமிஷம். பின்னால் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். "இப்ப" என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் கண்தான் கெட்டுவிட்டதோ, பழைய பொய்க்குச் சாமி கொடுக்கிற தண்டனையோ என்றெல்லாம் ஓடியது.

"அண்ணே, நல்லாப் பாருங்க. எழலையா?"

"எழலம்மா."

"செத்துப்போச்சா?"

"தெரியலம்மா. எழல. அதான் எனக்குத் தெரியும்."

அப்போதுதான் உச்சியில் லேசாக ஒரு அசைவு. பக்கத்துப் பாதி பிளந்து முடித்து ஓய்ந்திருக்கிற நேரத்தில், இது தன்பாட்டுக்கு நிதானமாக எழுகிறது! "எழுதுங்க! இப்ப! எழுதுங்கம்மா!" நான் நாற்காலியிலிருந்தே துள்ளிவிட்டேன். பேராசிரியர் என்னைத் தள்ளாத குறையாக நகர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்து டாக்டரம்மாவிடம் என்னவோ சொன்னார், குரல் உயர்ந்துபோயிருந்தது. அவர்களும் குனிந்தார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள், ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்கவே இல்லை.

நாலாவது தடவை இன்னும் பிந்தியது. ஐந்தாவது அதைவிடப் பிந்தியது. ஒன்றேமுக்கால் மணிக்கு டாக்டரம்மா கையாலேயே கோடு போட்டுப் பார்த்தார்கள். ஒன்று மேல் ஒன்று விழவில்லை. ஒரே இடத்தில் புறப்பட்டு, போகப் போக விலகின. ஆனால் உட்கரு இல்லாத பாதியின் நீலக்கோடும் தன் கணக்கில் ஒழுங்காகத்தான் போனது, தடுமாற்றமே இல்லை.

"விளங்குதாண்ணே? உட்கரு இல்லாமலே கடிகாரம் ஓடுது. அது நிஜம். ஆனா உட்கரு இருந்தா கொஞ்சம் வேகமா ஓடுது. அதுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு! நீங்க எழுதின மூணு நாள் கணக்கை நம்பியிருந்தா இது நம்ம கண்ணுலயே பட்டிருக்காது."

"அப்படின்னா கங்காணி இல்லாட்டியும் வேலை நடக்குது" என்றேன். "கொஞ்சம் மெதுவா நடக்குது."

டாக்டரம்மா இதை மொழிபெயர்த்ததும் அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. இத்தனூண்டு குழம்புக்குள் கடவுள் ஒரு கடிகாரத்தை வைத்திருக்கிறார், அதன் நேரம் என்ன என்று ஒருவன் உண்மையாகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. நானோ பார்க்காமலே அவர் பேரில் எழுதிவைத்திருந்தேன்.

இரண்டு மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. பேராசிரியர் கோட்டை மாட்டிக்கொள்ளவில்லை. ஒரு முட்டை சாட்சியாகாது, இன்னும் பத்து முட்டையாவது பார்க்க வேண்டும் என்று சொல்லி டிரைவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். நல்ல குளிர், சோறும் நன்றாக இருக்கிறது என்றாராம். மூன்று நாள் இருந்தார். பதினொரு முட்டை பார்த்தோம். பெரும்பாலும் ஒருவர் பார்க்க, இன்னொருவர் எழுத. எல்லாமே விலகித்தான் போயின. பங்களாவை மூடக்கூடாது என்று அவரே பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அதற்குப் பிறகும் பல வருஷம் அந்தத் தொட்டிகளில் தவளை நீந்தியது.

என் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே டாக்டரம்மாவிடம், "நான் பெக்டரிக்கே போயிடுறேம்மா" என்றேன்.

"போங்க" என்றார்கள். "அதுக்கு முன்னாடி அந்த மூணு நாள் பக்கத்தைச் சரி பண்ணிட்டுப் போங்க."

பக்கத்தைக் கிழிக்கத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கையை வைத்தேன். "கிழிக்காதீங்க!" என்று சத்தம் போட்டார்கள். இரண்டாம் வரிசை முழுக்க ஒரே கோடாக அடித்து, எழுதினது படிக்கிற மாதிரியே இருக்க, பக்கத்தில் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் எழுத வராது என்றேன். தமிழிலேயே எழுதச் சொன்னார்கள். "இவற்றை நான் பார்க்கவில்லை" என்று மூன்று பக்கத்திலும் எழுதினேன்.

"இப்ப போறதுன்னா போங்க. இல்லேன்னா நாளைக்கு ஏழு மணிக்கு வாங்க. ரெண்டாவது தொட்டி கழுவணும்."

வீட்டுக்கு வந்து வெந்நீர் வாளி முன்னால் உட்கார்ந்து சரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாளியில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினாள். பிறகு, "அந்தப் பிள்ளை உங்களை வெச்சுக்கிட்டு என்ன பாடு படுதோ. ஏழு மணின்னா ஆறரைக்கே போங்க" என்றாள்.

ஆறரைக்கே போனேன்.

அன்று பத்து மணிக்குமேல் மலைத் தண்ணீர் வருகிற குழாய் மூட்டு விட்டுப்போய், தவளை அறை முழுக்க வெள்ளம். மூன்று தவளை தரையில் துள்ளிக்கொண்டிருந்தன. டாக்டரம்மாவும் பேராசிரியரும் பக்கத்து அறையில் முட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த நேரம் தட்டுகளுக்கு நான் தனி ஆள். நான் மைக்ரோஸ்கோப்பை விட்டு ஓடினேன். தவளையைப் பிடித்து, குழாயைத் துணியால் கட்டித் திரும்பி வந்தபோது ஐந்தாம் தட்டில் மூன்றாவது எழுச்சி முடிந்து படுத்துக் கிடந்தது. முதல் வரிசையில் மூன்றாவது பிளப்பின் நேரம் இருந்தது. இரண்டாம் வரிசையில் முந்தின இரண்டு எழுச்சியின் நேரம் இருந்தது. எத்தனை நிமிஷம் பிந்தியிருக்கும் என்று என்னால் சரியாகவே சொல்லியிருக்க முடியும். பேனா கட்டத்துக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது, பழகின கை அல்லவா? கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த தட்டுக்குக் குனிந்தேன்.

சாயங்காலம் ரிஜிஸ்டரை மூடிவைக்க எடுத்தேன். டாக்டரம்மா அன்றைய பக்கத்தைப் பார்த்து முடித்திருந்தார்கள். நேரம் எழுதின கட்டங்களில் அவர்கள் எதுவும் குறிக்கவில்லை. அந்தக் காலிக் கட்டத்துக்குள் மட்டும் சிவப்புப் பென்சிலால் பெரிதாக ஒரு 'சரி' போட்டிருந்தார்கள்.